குடிநீரும் கிராமத்தார் கடமையும்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கல்வி, விவாகச் செலவு, தொழில் அபிவிருத்தி ஆகியவை பற்றி இச்சபையில் பலகாலும் பேசியிருக்கிறோம். இன்று அவை யாவற்றிற்கும் முற்பட்டதொரு விஷயத்தை எடுத்துக் கொள்கின்றோம். அது குடிநீர். நீர் கெடின் பிள்ளைகளின் உடல் கெடும். உடல் கெட்ட பின் நாம் அளிக்கும் உபகாரச் சம்பளத்தால் யாது பயன்?

நம் முன்னோர் நீரின் அருமையை நன்கு உணர்ந்தவர்கள். பாசனத்திற்குக் கண்மாய், உண்பதற்கு ஊருணி என்று வேறு வேறாக வகுத்து வைத்தனர். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களில் ஊருணியில் துணி துவைத்தலும் கால்நடைகளை இறக்குதலும் கூடா என்று பல ஊர்களில் கட்டுப்பாடு இருந்தது. அக்கட்டுப்பாட்டைக் காத்தவர் சர்க்கார் சேவகர் அல்லர், ஊராரே காத்தனர். குழாய் வந்த பின்னர், நீர் கொடுப்பது எவருடைய வேலையோ என்று நாம் இருந்துவிட்டோம். இம்மனப்பான்மையே மாற வேண்டுவது.

தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் என்று எண்ணுவது பெரும் பிழை. 1854-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் பிராட் வீதியில் வாந்திபேதி பரவியபோது, ஜான் ஸ்நோ என்னும் வைத்தியர் இறந்தோர் வீடுகளைக் குறித்துப் பார்த்து, அவ்வீதியின் அடிபம்பு நீரே காரணம் எனக் கண்டார். அந்நீர் பார்வைக்குத் தெளிவாகவே இருந்தது. கிருமியையேனும் காய்ச்சிக் கொல்லலாம். புளூரைடு என்னும் உப்போ காய்ச்சினால் நீங்காது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு மிகும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது நீரிற் கலந்திருப்பின் நாளடைவில் பற்கள் கறைபடும்; மிக அதிகமாயின் எலும்புகளும் கெடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தார் இத்துன்பத்தை நீண்டகாலம் அனுபவித்த பின்னரே, 2013-இல் ஒகேனக்கல் காவிரி நீர் அவர்களுக்குக் குழாய் வழியே வந்தது.

நிற்க. இந்திய அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் அமலுக்கு வந்தது. கிராமப் பஞ்சாயத்துகளுக்கு ஒப்புவிக்கத்தக்க பொருள்களில் குடிநீரும் ஒன்றாக அதில் சேர்க்கப்பட்டது. 2019 ஆகஸ்டு 15-இல் அறிவிக்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டம், ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வகுத்தது. ஊர்தோறும் குடிநீர்க் குழு அமைய வேண்டும் என்றும், அதில் பாதிப்பேர் பெண்களாயிருக்க வேண்டும் என்றும் விதித்தது. குடம் சுமந்தவரன்றோ நீரின் அருமை அறிவார்! ஆயினும் குழுவின் பெயர் காகிதத்தில் மட்டும் இருப்பின் நீர் தூயதாகிவிடாது.

குழு செய்ய வேண்டுவன அரிய காரியங்கள் அல்ல. 400 பேர் வாழும் ஊருக்கு நாளொன்றுக்கு 22,000 லிட்டர் வேண்டும். மேல்நிலைத் தொட்டியைக் காலந்தவறாது கழுவி, கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதி வைத்தல் வேண்டும். பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரிற் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரைமணி நேரமேனும் கழித்தே குழாயைத் திறத்தல் வேண்டும். மூட்டையைத் திறந்து போட்டால் பவுடரின் வீரியம் போய்விடும். கடைசித் தெருவின் கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று சோதித்தல் வேண்டும். தொட்டியின் அடியிற் சோதித்துத் திருப்தியடைதல் போதாது. வீட்டுக்கு வீடு மாதச் சிறு தொகை திரட்டி, மோட்டார் பழுதுக்கென்று தனியே வைத்து, கணக்கை கிராம சபையில் படித்தல் வேண்டும். கணக்குப் படிக்கப்படாத இடத்தில் இரண்டாம் மாதமே பணம் வராது. தொட்டியை இயக்கும் ஊழியருக்கு உரிய கூலி காலத்தில் சேர வேண்டுமென்பதையும் மறத்தலாகாது.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசப்பாயிருக்கலாம். எனினும் நம்மவரிடம் நாமே சொல்லாவிடின் வேறு யார் சொல்வார்? வள்ளுவர் பேரறிவாளன் செல்வத்திற்கு நீர் நிறைந்த ஊருணியை உவமை கூறினார். ஆனால் நம் ஊருணிகளில் ஊரார் அனைவரும் உண்ண இடங்கொடுத்தோமா? 1927 மார்ச்சு 20-இல் மஹாட் நகரத்துச் சவதார் குளத்தில் நீர் மொண்டு பருகவே டாக்டர் அம்பேத்கர் பெருங்கூட்டத்தோடு செல்ல வேண்டியிருந்தது. 1950-இல் வந்த அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு, பொதுக் கிணறும் குளமும் சாதி காரணமாக எவருக்கும் மறுக்கப்படலாகாது என்று விதித்தது. அதன் பின்னும், 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஆதிதிராவிடர் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தமை, குழந்தைகள் நோயுற்ற பின்னரே வெளிப்பட்டது. செய்தவர் யாரென்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. வெட்கப்படுதல் நம் அனைவரின் வேலை.

ஒரு தெருவுக்கு மட்டும் நல்ல நீர் கிடைத்தால் போதுமென்பது அறமுமன்று, அறிவுமன்று. ஊரின் ஒரு மூலையில் குழாய் உடைந்து சாக்கடை கலந்தால், அதே குழாய்த் தொடரில் உள்ள நம் வீட்டுக்கும் அது வந்து சேரும். கிருமி கோத்திரம் கேளாது. ஆதலின் குடிநீர்க் குழுவில் எல்லாத் தெருவாரும் சமமாக அமர வேண்டும். சாவி ஒரு தெருவார் கையிலே மட்டும் இருத்தலாகாது.

எனவே அங்கத்தினர்களை யாம் வேண்டிக்கொள்வன மூன்று. உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச்சு 22-இல் கூடும் கிராம சபைக்குக் குடும்பத்தோடு சென்று, நீர்ப் பரிசோதனையின் முடிவைக் கேளுங்கள். நம் குலத்தார் பொறுப்பிலுள்ள கிணறுகளையும் ஊருணிகளையும் தூர்வாரி, எல்லார்க்கும் பொதுவெனப் பலகை நாட்டுங்கள். படித்த நம் பெண்மக்கள் ஊர்தோறும் நீர்ப் பரிசோதனையைக் கற்றுக்கொள்ள இடங்கொடுங்கள். கலியாணப் பந்தலுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கு போதும். பொருட்குறை சொல்ல இடமில்லை.

ஊர் முழுவதும் ஒரே தொட்டியின் தூய நீரை அச்சமின்றிப் பருகும் நாளே நம் சங்கம் பெருமை கொள்ளத்தக்க நாளாம். அந்நாளை விரைவிற் கொணர்வோமாக.