தாளும் மண்ணும்



அயல்நாட்டில் வாழ்வோர்க்கு அன்றாடச் சோற்றோடு முத்திரையிட்ட தாளும் வேண்டும். இம்மாவட்டமே அதற்குச் சான்று தரும்.

இலண்டனில் 1906இல் பிறந்த ஆர்தர் ஆஸ்போர்ன், பாங்காக்கின் சுலலாங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். 1941இல் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் திருவண்ணாமலையில் விட்டுப் பணிக்குத் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை தாய்லாந்தில் இறங்கியது. 1942 ஜனவரியில் அந்நாடு பிரிட்டன்மீது போர் அறிவித்தது. நேற்றுவரை மதிப்பளித்த கடவுச்சீட்டே அவரைப் பகைவராக்கியது. போர் முடியும்வரை முகாம் வாழ்வு!

இங்கோ, அவர் பிள்ளைகள் எந்த முத்திரையுமின்றித் தமிழ் பேசி வளர்ந்தனர். அவருள் ஆடம், எடுத்துச் செல்லத்தக்க கணினியை 1981இல் சந்தைக்குக் கொணர்ந்தார். மொழி எவரிடமும் குடியுரிமை கேட்பதில்லை.

சட்டம் கேட்கும். 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டம் நீங்கி 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னும், நெடுநாள் தங்கும் அயலார் பதிவு செய்தே ஆகவேண்டும். வேளாண் நிலம் வாங்க அவர்க்கு உரிமையில்லை.

வந்தவர் நிலை அது. இருந்தவர் நிலை என்ன? ஜவ்வாது மலையில் பிறந்த மலையாளிப் பழங்குடிப் பிள்ளையும் சாதிச் சான்றிதழுக்காக அலுவலகப் படியேறுகிறது. 1989இல் பிரிக்கப்பட்ட வட ஆற்காட்டின் பெயரே பழங்குடிப் பட்டியலில் இன்றும் நிற்கிறது. தலைமுறையாய் உழுத நிலத்துக்கும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சான்று கேட்கிறது. மண்ணின் மைந்தனும் தன் மண்ணில் விண்ணப்பதாரனே.

கவிதை எவர்க்கும் சான்றிதழ் ஆகாது. ஆயினும் தாள் காட்டாத முகத்தை அது காட்டும். பத்தாண்டு கண்ட இவ்வட்டம் அப்பணியை மேற்கொள்க!