பாலத்துக்குக் கீழே பாருங்கள்



மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் புறப்பட்டதும் பவானியைத் தாண்டுகிறது. 1899-இல் குன்னூர் வரை திறந்த பாதை அது. அந்த இரும்புப் பாலத்தில் போகும்போது நாமெல்லாம் மலையைத்தான் பார்ப்போம். கொஞ்சம் கீழேயும் பாருங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஏன் தெரியுமா? திருச்சியில் கொள்ளிடம் ஆற்றின் மேல் 1928-இல் ஓர் இரும்புப் பாலம் கட்டினார்கள். முக்கோணம் முக்கோணமாகச் சட்டங்களைக் கோத்த பாலம். நான்கு சட்டங்களைச் சதுரமாகப் பூட்டி ஒரு மூலையைத் தள்ளுங்கள், சாய்ந்துவிடும். மூன்றைப் பூட்டித் தள்ளுங்கள், சட்டமே முறிந்தால் ஒழிய அசையாது. இந்தக் கணக்கை நம்பித்தான் இப்படிப்பட்ட பாலங்களை ஆற்றின் மேல் நிறுத்தினார்கள். வெயிலுக்கும் கணக்கு உண்டு. 60 மீட்டர் இரும்பு 30 டிகிரி சூடேறினால் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அதனால் ஒரு முனையை இறுக்கி, மறுமுனையை நகர விடுவார்கள். எவ்வளவு பெரிய அறிவு பாருங்க!

2016-இல் பக்கத்திலேயே புதுப்பாலம் வந்தது. பழையதில் ஊர்மக்கள் காலையிலும் மாலையிலும் நடை போனார்கள். 2018 ஆகஸ்டில் காவிரி வெள்ளம் கொள்ளிடத்தில் இறங்கியது, தூண்கள் சரிந்தன. 90 வருஷம் பாரம் தாங்கிய இரும்பு தோற்கவில்லை ஐயா. காலடி மண் போய்விட்டது! பிறகு பாலத்தையே இடித்து எடுத்தார்கள்.

தூணில் மோதும் வெள்ளம் கீழ்நோக்கிச் சுழன்று அடிமண்ணைக் குடையும். வெள்ளம் வடியும்போது புதுமணல் வந்து அந்தக் குழியை மூடிவிடும். கரையில் நிற்பவருக்கு ஆறு பழையபடியே தெரியும். அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இது நமக்கும் பொருந்தும். சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதை ஈரோட்டில் காவிரியைத் தாண்டி, 1862-இல் போத்தனூரை எட்டியது. பஞ்சும் நூலும் இயந்திரமும் போய்வந்த வழி அது. பாலத்தால் வாழ்ந்த ஊர் நம் கோவை. பவானி, நொய்யல், அமராவதி, காவிரி என்று நான்கு ஆறுகளின் மேலும் நம் போக்குவரத்து நிற்கிறது.

ஆகவே கேட்கிறேன். பாலங்களைப் பராமரிக்கும் அதிகாரிகளே, ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் தூணடியை அளந்த விவரத்தைப் பாலத்தருகே பலகையில் எழுதி வையுங்கள். பொறியியல் கல்லூரி ஆசிரியர்களே, தண்ணீர் வற்றிய மாதத்தில் மாணவர்களை ஆற்றுக்குள் அழைத்துப் போய் அளக்கப் பழக்குங்கள். ஊர்மக்களே, பாலத்தை ஒட்டி மணல் அள்ளும் வண்டியைக் கண்டால், அன்றைக்கே தாசில்தாரிடம் மனு கொடுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.