நௌஷாத் அலியின் இளமை

வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு இந்தித் திரைப்பாடல்கள் புதியன அல்ல. அண்டை வீட்டு வானொலியில் அவற்றைக் கேட்டுக் கேட்டே இந்தி பேசப் பழகியவர் நம்மிடையே உண்டு. அப்பாடல்களுள் தலைசிறந்தன பலவற்றுக்கு இசையமைத்த நௌஷாத் அலியும் பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் வந்தவர்தாம் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவர் 1919ஆம் ஆண்டு லக்னோவில் பிறந்தார். தந்தையார் வாஹித் அலி நீதிமன்றத்தில் எழுத்தர். அவ்வீட்டில் இசை ஆகாத பொருள். அக்காலம் பேசாப்படக் காலம். கொட்டகையில் திரைக்கு முன்னே வாத்தியக்காரர்கள் அமர்ந்து, காட்சிக்குத் தக்கவாறு வாசிப்பார்கள். சிறுவன் நௌஷாத் படம் பார்க்கப் போனதைவிட அவர்களைக் கேட்கப் போனதே மிகுதி எனலாம். பின்னர் இசைக்கருவிக் கடையொன்றில் வேலைக்கு அமர்ந்தார். உரிமையாளர் இல்லாத வேளைகளில் ஆர்மோனியத்தில் விரல் பழகுவார். ஒருநாள் கையும் களவுமாகப் பிடிபட்டார். கடிந்துகொண்ட உரிமையாளர், முடிவில் ஓர் ஆர்மோனியத்தையே பையனுக்குக் கொடுத்துவிட்டாராம்! கொடுத்தவர் உள்ளம் பெரிது. ஆனால் அதனால் வீட்டில் மூண்ட பூசலும் சிறிதன்று. வீடு வேண்டுமா, இசை வேண்டுமா என்று தந்தையார் கேட்டுவிட்டார்.

1937ஆம் ஆண்டில், இருபது வயதும் நிரம்பாத நௌஷாத் பம்பாய் வந்து சேர்ந்தார். தாதரில் பிராட்வே திரையரங்குக்கு எதிரே இருந்த நடைபாதையே பல இரவுகள் அவருக்குப் படுக்கை. அதே அரங்கில் 1952இல் 'பைஜு பாவ்ரா' திரையிடப்பட்டபோது அவர் கண்கலங்கினார். அந்த நடைபாதையிலிருந்து சாலையைக் கடந்து இப்புறம் வர இத்தனை ஆண்டுகள் ஆயினவே என்று கூறினாராம். அப்படத்தில் மால்கௌன்ஸ் ராகத்தில் அமைந்த பஜனை ஒன்றுண்டு. நம் ஹிந்தோளத்தை ஒத்தது அந்த ராகம். இயற்றியவர் ஷகீல் பதாயூனி, பாடியவர் முகம்மது ரஃபி, இசை நௌஷாத். திருமாலைக் காண ஏங்கும் அப்பாடலை உருவாக்கிய மூவரும் இசுலாமியர் என்பது, கேட்டு உருகும் வேளையில் எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

நடைபாதைக்கும் அந்த வெற்றிக்கும் இடைப்பட்ட காலம் எளிதாகக் கழிந்ததன்று. உஸ்தாத் ஜண்டே கானிடம் மாதம் 40 ரூபாய்ச் சம்பளத்தில் உதவியாளரானார். கேம்சந்த் பிரகாஷ் அவர் திறமையை அறிந்து தம்முடன் சேர்த்துக்கொண்டார். அவரையே நௌஷாத் இறுதிவரை குருவாகப் போற்றினார். 1940இல் 'பிரேம் நகர்' தனிவாய்ப்பாக அமைந்தது. எனினும் நாடெங்கும் பெயர் பரவ 1944இல் 'ரத்தன்' வரவேண்டியிருந்தது.

அப்போதும் லக்னோவில் அச்சம் தீரவில்லை. சினிமாவில் இசைத்தொழில் செய்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்? மாப்பிள்ளை பம்பாயில் தையற்காரர் என்று பெண்வீட்டாரிடம் சொல்லிவைத்தார்கள். திருமண ஊர்வலத்தில் பாண்டு வாத்தியக்காரர்கள் முழங்கியது என்ன என்கிறீர்கள்? 'ரத்தன்' பாடல்களையேதாம்! இளைஞரைக் கெடுக்கும் இத்தகைய பாட்டுகளை எவன் போட்டானோ என்று பெரியவர்கள் அங்கே வைதுகொண்டிருந்தார்கள். அதைக் கேட்டவாறு மாப்பிள்ளை வாய்திறவாமல் அமர்ந்திருந்தார்.