கையெழுத்து யாருடையது?



கருவைக் கலைக்க ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்ணை, "வீட்டுக்காரர் வரலையா? அவர் கையெழுத்து இல்லாம முடியாதும்மா" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இன்னும் உண்டு. 1971-ஆம் வருடத்துக் கருக்கலைப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. டாக்டர் சட்டப்படி சரியென்று கண்டால், 18 வயது நிரம்பியவளுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும். கருத்தடை பலிக்காமல் தங்கிய கருவும் இதில் சேரும். கணவரோ மாமியாரோ கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இருவரும் கலந்து பேசினால் நல்லதுதான். ஆனால் அது குடும்ப விஷயம், சட்டம் கேட்பதல்ல.

18 நிரம்பாத பெண்ணுக்குக் காப்பாளர் எழுத்து மூலம் சம்மதம் தரவேண்டும். இங்கேதான் தாய் தகப்பன் பயந்துபோகிறார்கள். போலீசுக்குச் செய்தி போகுமே, ஊர் சிரிக்குமே என்று எருக்கங்குச்சி வைப்பவளைத் தேடிப் போகிறார்கள். உயிருக்கே ஆபத்து! போலீசுக்குத் தகவல் போவது உண்மை. ஆனால் பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் டாக்டர் அவள் பெயரை எழுத வேண்டியதில்லை என்று 2022-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

2021 திருத்தப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டர் போதும். மைனர் பெண்ணுக்கு 24 வாரம் வரை உண்டு. 20 தாண்டினால் இரண்டு டாக்டர் பார்க்கவேண்டும். நாள் தள்ளிப்போனால் வாரத்தை எண்ணிக்கொண்டிராமல் உடனே வாருங்கள்.