வாடகை அலமாரியில் நம் பேரேடு
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கணிப்பொறியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இந்த 25 ஆண்டுகளில் நம் சங்கம் சேர்த்து வைத்திருப்பது கட்டடமும் நூல்களும் மட்டும் அல்ல. உதவி நாடி வந்த ஒவ்வொரு மாணவரும் தம் பெற்றோரின் வருமானம், சாதிச் சான்றிதழ், மதிப்பெண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகிய அனைத்தையும் நம்மை நம்பி ஒப்படைத்துள்ளனர். முன்பு அவை பேரேட்டில் எழுதப்பட்டு இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடந்தன. சாவி செயலாளரின் இடுப்பில் இருந்தது. இன்று அவை ‘கிளவுட்’ என்று சொல்லப்படும் மேகக் கணிமையில் இருக்கின்றன.

மேகம் என்னும் சொல்லைக் கேட்டு நாம் மயங்கிவிடக் கூடாது. வானத்தில் எதுவும் இல்லை. ஏதோ ஒரு நிறுவனம், எங்கோ கட்டியுள்ள பெருங்கூடங்களில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை இரவும் பகலும் இயக்கி, அவற்றில் நமக்கும் சிறிது இடம் ஒதுக்குகிறது. வாடகைக்கு, சில வேளை இலவசமாக. இதில் நன்மை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. கரையான் தின்ற பேரேடுகளையும் மழையில் நனைந்த பேரேடுகளையும் நாம் கண்டிருக்கிறோம். ஒரு சிறு சங்கம் தன் செலவில் வைக்க முடியாத காவலை அந்நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. ஆனால் கட்டடத்தின் காவல் வேறு. நம் அறையின் சாவி வேறு. சாவியைத் தொலைத்தவன் வாயிற்காவலனைக் குறை சொல்ல முடியுமா?

2019ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கி, அமேசான் நிறுவனத்தின் மேகக் கணிமையில் வைத்திருந்த தகவல்கள் களவு போயின. அந்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 10 கோடிப் பேர் அதனால் பாதிக்கப்பட்டனர். மறு ஆண்டில் 8 கோடி டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. இடம் கொடுத்த நிறுவனத்திற்கு அல்ல, வங்கிக்கு. நம் நாட்டில் 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இவ்வாறே கூறுகிறது. தகவலைத் திரட்டியவர், அதை வேறொருவரிடம் கொடுத்து வைத்திருந்தாலும் பொறுப்பு அவருடையதே. தகுந்த காப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அச்சட்டத்தில் இடம் உண்டு. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அவை அமைந்துள்ளன.

நம்மைப் போன்ற அமைப்புகளுக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் பிளாக்பாட் என்று ஒரு நிறுவனம் உள்ளது. அறநிலையங்கள், பள்ளிகள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் நன்கொடையாளர் பட்டியல்களை வைத்துக் காப்பது அதன் தொழில். 2020 பிப்ரவரியில் ஒரு வாடிக்கையாளரின் கடவுச்சொல்லைக் கொண்டு உள்ளே நுழைந்தவர்கள் மே மாதம் வரை பிடிபடவில்லை. திருடியதை அழித்துவிடுவோம் என்ற அவர்கள் வாக்கை நம்பி நிறுவனம் 24 பிட்காயின் கப்பம் கட்டியது. (திருடனின் வாக்குறுதிக்கு அவ்வளவு விலை!) ஜூலையில்தான் செய்தி வெளியாயிற்று. வங்கிக் கணக்கு விவரம் எதுவும் போகவில்லை என்று முதலில் அறிவித்தார்கள். பிறகு போயிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். 2023இல் 49 மாநிலங்களுடனும் தலைநகர் வாஷிங்டனுடனும் 4 கோடியே 95 லட்சம் டாலருக்கு உடன்பாடு செய்துகொள்ள நேர்ந்தது. மற்றொன்றும் விசாரணையில் தெரிய வந்தது. சேவையை விட்டு விலகிப்போன பழைய வாடிக்கையாளர்களின் தகவல்களையும் அந்நிறுவனம் ஆண்டுக்கணக்கில் அழிக்காமல் வைத்திருந்தது.

பணம் போனால் உழைத்து ஈட்டிக்கொள்ளலாம். நம்மிடம் உள்ள சாதிச் சான்றிதழின் செய்தி வேறு. 1917இல் பரோடா அரசின் பணியில் சேரச் சென்ற அண்ணல் அம்பேத்கர், தங்க இடம் கிடைக்காமல் ஒரு பார்சி விடுதியின் பதிவேட்டில் பார்சிப் பெயரை எழுதித் தங்கினார். சில நாட்களில் உண்மை தெரிந்து, தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. இதை அவரே எழுதியிருக்கிறார். நகரத்தில் வாடகை வீடு தேடும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதை பழங்கதை ஆகிவிட்டதா? தன் சாதியைச் சொல்வதா, எவரிடம், எப்போது சொல்வது என்பதை முடிவு செய்யும் உரிமை அந்தப் பிள்ளைக்கு உரியது. நம் கவனக்குறைவால் ஒரு பட்டியல் வெளியேறினால், அந்த முடிவை அவனைக் கேட்காமல் நாம் செய்துவிட்டவர்கள் ஆவோம். 2019இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மசோதா, சாதி பற்றிய தகவலைத் தனிக் காப்புக்கு உரியதாக வகைப்படுத்தியிருந்தது. 2022இல் அது திரும்பப் பெறப்பட்டது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தகைய தனி வகையே இல்லை. இது பெருங்குறை என்பது என் கருத்து. சட்டம் விட்ட இடத்தை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. சங்கத்தின் கணக்குக்கு ஒரே கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு பத்துப் பேர் பயன்படுத்தும் வழக்கம் ஒழிய வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். பொறுப்பிலிருந்து விலகியவரின் கணக்கை அன்றே மூட வேண்டும். கடவுச்சொல்லோடு செல்பேசி வழியாகவும் ஆளை உறுதி செய்யும் இரட்டைச் சோதனையை இயக்கி வைக்க வேண்டும். 2024இல் ஸ்னோஃப்ளேக் என்னும் மேகச் சேவையில் பல நிறுவனங்களின் தகவல்களைத் திருடியவர்கள் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. முன்பே களவாடிய கடவுச்சொற்களைக் கொண்டு நேர்வழியாகவே நுழைந்தார்கள். அந்தக் கணக்குகளில் இரட்டைச் சோதனை இல்லை.

உதவித்தொகைப் பட்டியலை ‘இணைப்பு உள்ள எவரும் காணலாம்’ என்று திறந்துவிட்டு, அந்த இணைப்பை வாட்ஸப் குழுவில் போடுவது, பேரேட்டைப் பேருந்து நிலையத்தில் விரித்து வைப்பதற்கு ஒப்பாகும். ‘உங்கள் பிள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, எண்ணைச் சொல்லுங்கள்’ என்று தொலைபேசியில் ஏமாற்றுவோருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

காப்புப் படி ஒன்று நம் கையிலும் இருக்க வேண்டும். 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் கணிப்பொறிக் கட்டடம் ஒன்று தீக்கு இரையாயிற்று. வேறிடத்தில் படி வைக்காதவர்கள் தங்கள் தகவலை அடியோடு இழந்தார்கள். கடவுச்சொல்லிட்டுப் பூட்டிய வன்தட்டு ஒன்றில் மாதந்தோறும் படியெடுத்து, அதைத் திறந்து படிக்க முடிகிறதா என்றும் பார்த்து வைக்க வேண்டும். பார்க்காத படி இருந்தும் பயனில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். படிப்பை முடித்து வேலைக்கும் போய்விட்டவர்களின் ஆதார் நகலும் சான்றிதழ் நகலும் இன்னும் நம் மேகக் கணக்கில் ஏன் இருக்க வேண்டும்? தணிக்கைக்கு வேண்டும் என்று பொருளாளர் சொல்லக்கூடும். தணிக்கைக்கு வேண்டியவை எவை என்பதைத் தணிக்கையாளரிடம் கேட்டுத் தனியே எடுத்து வைப்போம், ஏனையவற்றை அழித்துவிடுவோம். சங்கத்தின் வரலாற்றுக்குப் பெயரும் ஆண்டும் போதும். அதற்கும் உரியவரின் இசைவைக் கேட்போம். இதற்கான பட்டியலை ஆயத்தம் செய்ய இளைஞர்கள் இருவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கினால், அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகவே வைத்துவிடலாம். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரைக் காணலாம்.