வாரத்தில் எத்தனை நாள் நீந்துவது?



காவிரிக் கரையிலோ தாமிரவருணிக் கரையிலோ பிறந்து, உத்தியோகத்தின் பொருட்டுத் தில்லிக்கு வந்து சேர்ந்த நம்மவர் பலர், "நீச்சல் மறக்கக்கூடிய வித்தையா?" என்று பெருமையாகக் கேட்பதுண்டு. வித்தை மறப்பதில்லை, மூச்சு மறந்துவிடுகிறது. 40 வயதைத் தாண்டியபின், 50 மீட்டர் நீளமுள்ள குளமொன்றில் இதனை நாம் அறிந்தோம். கிணற்றில் குதித்து வளர்ந்த நாம், மறுமுனை சேர்வதற்குள் இரைத்துப்போய்க் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றோம். பக்கத்தில் வந்த சிறுமி ஒருத்தி சுவரைத் தொட்டுவிட்டு நில்லாமல் திரும்பிச் சென்றாள்.

ரோஷம் பிறந்தது. ஞாயிறுதோறும் 2 மணி நேரம் நீந்துவதென்று உறுதி பூண்டோம். ஒரு மாதத்தில் கண்ட பலன் தோள்வலி. திங்கட்கிழமைகளில் பேனா பிடிப்பதே பெரும்பாடாயிற்று.

பிழை எங்கே? இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான இரத்தத்தை அனுப்பப் பழகுவதும், தசைகள் பிராணவாயுவை நன்கு கொள்ளப் பழகுவதும் சிறுகச் சிறுக நிகழ்வன. ஒரு நாள் உழைப்பின் தூண்டுதல் சில நாட்களில் தணிந்துவிடும். அது தணியுமுன் மறுமுறை நீரில் இறங்கவேண்டும். வயது வந்தோர்க்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவித்தது. வாரத்தில் 3 நாள், நாளொன்றுக்கு 50 நிமிடம் நீந்தினால் முதற்கணக்கு நிறைந்துவிடும். குளத்தின் மூலையில் நின்று அகவிலைப்படி பேசும் நிமிடங்கள் இதில் சேரா!

நாம் பின்னர் கைக்கொண்ட முறை எளிது: 100 மீட்டர் நீந்துவது, அரை நிமிடம் நிற்பது, மீண்டும் நீந்துவது. சுவரைத் தொட்டதும் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. நாடித்துடிப்பை எண்ணுவோர் ஒன்றைக் கருதவேண்டும்: நீரில் அது தரையிலுள்ளதைவிடக் குறைவாகவே இருக்கும், ஓடுவோரின் கணக்கு இங்கே பொருந்தாது. இதய நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டபின்னரே இறங்குக.

மிகுதியாக நீந்தினால் மிகுதியான பலன் உண்டா? அமெரிக்க ஆய்வாளர் டேவிட் காஸ்டில் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி நீச்சல் வீரர்களுள் ஒரு சாரார் 6 வாரம் நாளொன்றுக்கு இருமுறையும், மற்றவர் ஒருமுறையும் பயின்றனர். இருமடங்கு உழைத்தவர்க்குக் கூடுதல் மேன்மை கிட்டவில்லை. வீரர்க்கே இப்படியென்றால் குமாஸ்தாக்களுக்குக் கேட்பானேன்!

தில்லியில் வேறோர் இடையூறு குளிர்காலம். திறந்தவெளிக் குளங்கள் மாதக்கணக்கில் மூடப்படும். ராபர்ட் ஹிக்சன் என்பார் 1981-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே ஆறுதல் தருகிறது. சைக்கிள் மிதித்தும் ஓடியும் வாரம் 6 நாள் பயின்றவர்கள், அதே கடுமையுடன் 2 நாளாகக் குறைத்தபோதும், 15 வாரம் வரை பெற்ற திறனை இழக்கவில்லை. நாட்கள் குறையலாம், உழைப்பின் கடுமை குறையலாகாது. ஆகவே நாமும் பனிக்காலத்தில் வாரம் இருமுறை சைக்கிள் மிதித்தோம், கம்பளிக் குல்லாயுடன்தான்.

ஏப்ரலில் குளம் திறந்தது. இரைப்பு இருந்தது, ஆனால் 4 நீளம் கடந்த பின்னரே கம்பியைத் தேடினோம்.