பாடத்திட்டமும் பஞ்சாயத்தும்

(புதுவை உப்பளத்தில் பஞ்சாயத்து அங்கத்தினர்கள், உழவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உரத்தைப் பற்றியும் ஏரி மராமத்தைப் பற்றியும் பேசக் கூடும் நாம், இன்று பிள்ளைகளின் பாடப் புத்தகத்தைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். காரணம் உண்டு. பாகூர்ப் பக்கத்து வரப்பில் நின்றால், புதுவை நிலம் எது, கடலூர் மாவட்டத்து நிலம் எது என்று அயலாருக்குத் தெரியாது. அக்காள் பிள்ளை இப்புறம் படிக்கும். தங்கை பிள்ளை அப்புறம் படிக்கும். நெடுங்காலம் இருவருக்கும் புத்தகம் ஒன்றாகவே இருந்தது. புதுவையும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்தையும், மாகி கேரளப் பாடத்தையும், ஏனாம் ஆந்திரப் பாடத்தையும் பின்பற்றின. ஓர் அரசாங்கத்தின் கீழ் மூன்று ராஜ்யங்களின் புத்தகங்கள்! 2023-24ஆம் கல்வியாண்டில் புதுவை அரசுப் பள்ளிகளின் மேல் வகுப்புகளும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்திற்கு மாறத் தொடங்கின. "இதை மாற்ற அதிகாரம் யாருக்கு?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

1950இல் அரசியல் சட்டம் அமுலுக்கு வந்தபோது, கல்வி பெரும்பாலும் ராஜ்யங்களின் பொறுப்பு. 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கப் பத்தாண்டுக்குள் முயல வேண்டுமென 45ஆவது ஷரத்து தவணை கூறியது. தவணை தீர்ந்தது, காரியம் தீரவில்லை. 1976இல் இயற்றிய 42ஆவது திருத்தம் கல்வியைப் பொதுப் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் மத்திய சர்க்காரும் ராஜ்ய சர்க்காரும் அதுபற்றிச் சட்டம் செய்யலாம் என்றாயிற்று. 2002இல் வந்த 86ஆவது திருத்தம், 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதற்கான சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமுலாயிற்று.

தேசியப் பாடத்திட்டம் என்றதும் நாடு முழுவதற்கும் ஒரே புத்தகம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. 1961இல் நிறுவிய தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் கழகம் 1975, 1988, 2000, 2005, 2023 ஆகிய ஆண்டுகளில் பாடத்திட்ட வரைவுகளை வெளியிட்டது. அவை வழிகாட்டிகளே. ராஜ்யங்கள் தத்தம் புத்தகங்களை எழுதிக்கொள்ளலாம்.

ஆயினும் எந்தப் புத்தகமானாலும் தப்ப முடியாத நோக்கங்களை 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆவது பிரிவு விதிக்கிறது. பாடம் அரசியல் சட்டத்தின் நெறிகளுக்கு இசைந்திருக்க வேண்டும். பிள்ளை செய்து பார்த்தும் தேடிக் கண்டும் கற்க வேண்டும். அச்சமின்றி வளர வேண்டும். உடல் வலிமையும் மன வலிமையும் பெற வேண்டும். இதே உப்பளத்தில் பெரிய விளையாட்டரங்கம் இருக்கிறது. விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்திற்கு எடுத்துக்கொள்ளும் பள்ளி, சட்டத்தின் நோக்கத்தில் ஒன்றை அறுத்தெறிகிறது என்பேன்.

பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்க வேண்டும் என்றும் அப்பிரிவு சொல்கிறது. "இயன்றவரை" என்ற அச்சொல் கரையில் விட்ட உடைப்பு. தமிழில் கற்ற பிள்ளை திடீரென ஆங்கிலப் புத்தகத்தின் முன் அமர்ந்தால், அவ்வுடைப்பின் வழியே முதலில் வெளியேறுவது அப்பிள்ளைதான். பாடத்தின் தரத்தை உயர்த்துவதை நான் எதிர்க்கவில்லை. தமிழில் விளக்கிச் சொல்ல ஆசிரியரும் அவகாசமும் உண்டா என்றே கேட்கிறேன்.

இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அரசுப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஸ்தல ஸ்தாபனத்தின் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. 21ஆவது பிரிவு இவ்வாறு கூறுகிறது. பிள்ளைகளின் பதிவேட்டை வைத்து, சேர்க்கையையும் வருகையையும் கவனிப்பது ஸ்தல ஸ்தாபனத்தின் கடமை என்று 9ஆவது பிரிவு சொல்கிறது.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்கு 200 நாளும் 800 மணி நேரமும், ஆறு முதல் எட்டு வரை 220 நாளும் 1,000 மணி நேரமும் பள்ளி நடக்க வேண்டுமெனச் சட்டத்தின் அட்டவணை கணக்கிடுகிறது. நாமோ நடவுக்கு நான்கு நாள், அறுப்புக்கு ஒரு வாரம், திருவிழாவுக்குச் சில நாள் என்று பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொள்கிறோம். எந்த வாரியத்தின் புத்தகமும் அந்த நாட்களைத் திருப்பித் தராது.

அடுத்த குழுக் கூட்டத்தில் 29ஆவது பிரிவைத் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு வருகைப் பதிவேட்டை மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள்.